பனிநிலத்தின் கைமாற்று

வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் தொலைவில், நோர்வே நாட்டின் ஆட்சிக்குட்பட்ட சுவால்பார்ட் என்னும் தீவுக்கூட்டம் இருக்கின்றது. அத்தீவுகளுள் ஒன்றின் கரையிலே கொங்ஸ்பியோர்டன் என்றொரு நீண்ட கடற்குடா உண்டு. அங்கே குளிர்காலத்தில் மாதக்கணக்காகச் சூரியன் எழுவதில்லை. கோடையில் மாதக்கணக்காக அது மறைவதில்லை. மரம் இல்லை, வயல் இல்லை, ஆய்வுநிலையங்களில் தங்கும் சிலரைத் தவிர மனிதர் இல்லை. மண்ணின் மேற்பரப்பு கோடையிற் சில வாரங்கள் இளகும். அதன் கீழே உள்ளதோ என்றும் உறைந்தே கிடக்கும்.

2013 ஆம் ஆண்டில் அக்குடாவைச் சூழ்ந்த எட்டு இடங்களிலிருந்து விஞ்ஞானிகள் நாற்பது மண்மாதிரிகளை எடுத்தனர். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிரேயம் என்பாரும் அவருடைய குழுவினரும் அவற்றை ஆராய்ந்து, 2019 ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். மருந்துகளை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப் பற்றீரியாக்களுக்கு அளிக்கின்ற 131 வகையான பரம்பரை அலகுகள் அம்மண்ணில் இருந்தன. அவற்றுள் ஒன்று புதுடில்லி மாநகரின் பெயரைத் தாங்கியது. அது மாதிரிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவற்றிற் காணப்பட்டது.

வெப்பநாட்டு நகரொன்றின் பெயர்கொண்ட பொருள் உறைபனி மண்ணுக்குள் எவ்வாறு சென்றது? ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வாழ்கின்ற மக்களுக்கு அதனால் ஆவது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதற்கு, முதலிற் பற்றீரியாக்களின் கொடுக்கல் வாங்கலை அறிதல் வேண்டும்.

மனிதருக்கும் மாட்டுக்கும் பனைக்கும் பரம்பரைச் செல்வம் மேலிருந்து கீழே வருவது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு, விதையிலிருந்து மரத்திற்கு என அது இறங்குகின்றது. அயல்வீட்டாரின் கண்ணிறம் அழகாய் இருக்கின்றதென்று அதனைக் கேட்டு வாங்கிக்கொள்ள எவராலும் இயலாது. பற்றீரியாவுக்கோ இந்தக் கட்டுப்பாடு இல்லை. அது தன் சந்ததிக்குக் கொடுப்பதோடு, பக்கத்தில் நிற்கும் அயலானுக்கும் கொடுக்கின்றது. அயலான் வேற்று இனத்தவனாயினும் தடையில்லை. கொடுப்பது மரபணு எனவும் வழங்கப்படும் பரம்பரை அலகின் பிரதியே ஆதலால், கொடுத்தவனுக்குக் குறைவும் இல்லை. அயல்வீட்டு விளக்கிலிருந்து தன் விளக்கை ஏற்றிக்கொள்ளும் ஒருத்தியால் அவ்வீட்டின் ஒளி குறைவதுண்டோ?

இந்த உண்மை சிறிது சிறிதாகவே வெளிப்பட்டது. 1928 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிரெடரிக் கிரிபித் என்னும் மருத்துவ ஆய்வாளர் நிமோனியாக் காய்ச்சலை உண்டாக்கும் பற்றீரியாவின் இருவகைகளை ஆராய்ந்தார். ஒன்று கொடியது, மற்றது தீங்கற்றது. கொடியதைச் சூட்டினாற் கொன்று, தீங்கற்ற உயிருள்ள வகையோடு கலந்து சுண்டெலிகளுக்கு ஏற்றினார். எலிகள் இறந்தன. இறந்த எலிகளின் குருதியில் கொடிய வகை உயிரோடு காணப்பட்டது. செத்துப்போன கொடியவனின் இயல்பை உயிரோடிருந்த சாது எவ்வாறோ பெற்றுக்கொண்டான் என்பதே அதன் பொருள். கைமாறிய பொருள் டி.என்.ஏ. என்பதை 1944 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஏவரி, மக்லியொட், மக்கார்ட்டி ஆகிய மூவரும் நிறுவினர்.

உயிருள்ள இரண்டு பற்றீரியாக்கள் நேரே இணைந்து பரம்பரைப் பொருளைப் பரிமாறுவதை 1946 ஆம் ஆண்டில் லெடர்பேர்க், டேற்றம் என்போர் கண்டனர். பற்றீரியாக்களைத் தாக்கும் வைரசும் ஒன்றிலிருந்து பெற்றதை மற்றொன்றிற் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது என்பது 1952 இல் தெரியவந்தது. ஆகவே வழிகள் மூன்று: இறந்தவற்றின் எச்சத்திலிருந்து பொறுக்கிக்கொள்வது ஒன்று, நேரே இணைந்து பெறுவது ஒன்று, வைரசின் வாயிலாகப் பெறுவது மற்றொன்று.

இவற்றுள் நேரே இணைதலை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தின் பழைய வைத்தியர்களின் வழக்கம் ஒன்று துணைசெய்யும். வைத்தியர் ஒருவரிடம் பரம்பரையாக வந்த பெரிய சுவடி ஒன்று இருக்கும். அதனைக் கயிறு கோத்துக் கட்டி வைத்திருப்பார். அதனோடு, பாம்புக்கடிக்கோ செங்கமாரிக்கோ உரிய தனி ஏடு ஒன்றையும் வேறாக வைத்திருத்தல் கூடும். பெரிய சுவடியை எவரும் இரவல் கொடார். தனி ஏட்டையோ வேண்டியவர் பார்த்து எழுதிக்கொள்வர். அது தீவுக்குத் தீவு பரவும். பற்றீரியாவின் கலத்திலும் இவ்விரண்டும் உள. அதன் முதன்மையான டி.என்.ஏ. கட்டிய சுவடியைப் போன்றது. பிளாஸ்மிட் என்னும் சிறிய வளையமான டி.என்.ஏ. தனி ஏட்டைப் போன்றது. ஒரு மருந்தை முறியடிக்கும் வித்தை அத்தனி ஏட்டில் எழுதப்பட்டிருந்தால், அது மிக விரைவாகப் பரவும்.

இதன் ஆபத்தை முதலில் அனுபவத்தால் அறிந்த நாடு யப்பான். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கே வயிற்றுளைவு நோயை உண்டாக்கும் பற்றீரியா, ஒரே வேளையிற் பல மருந்துகளுக்கு அடங்காததாயிற்று. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே எதிர்ப்புத் தோன்றுவதாயின் நீண்ட காலம் செல்லும். பல எதிர்ப்புகள் ஒரே கட்டாக வேறொரு பற்றீரியாவிடமிருந்து வந்துசேர்கின்றன என்பதை 1959 ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் மெய்ப்பித்தனர்.

இனி, பனிநிலத்திற்கு வருவோம். குளிர் மிகுந்த இடத்தில் உயிர்களின் தொழிற்பாடு மெதுவாகும். அவ்வாறாயின் அங்கே இக்கொடுக்கல் வாங்கல் நின்றுபோகாதா என்று நேயர்கள் கேட்டல் கூடும். பனிமண்ணின் பற்றீரியாக்கள் குளிருக்கேற்பத் தம்மை அமைத்துக்கொண்டவை. நெய் குளிரில் உறைய, நல்லெண்ணெய் உறையாதிருப்பதை நேயர்கள் கண்டிருப்பர். அதுபோல இளக்கமான கொழுப்பினாலே தம் கலத்தின் சவ்வை அவை அமைத்துக்கொள்கின்றன. அவை பெருகுவது மெதுவாகத்தான், ஆனால் பெருகாதிருப்பதில்லை. மேலும், குளிர் டி.என்.ஏயைச் சிதையாமற் காக்கின்றது. வெப்பநாட்டு மண்ணில் விரைவில் அழிந்துபோகும் எச்சம் பனிமண்ணில் நெடுங்காலம் கிடக்கும்.

அந்தாட்டிக் கண்டத்தில் ஆழ்ந்த ஏரி எனப் பெயர்பெற்ற ஏரி ஒன்று இருக்கின்றது. கடல்நீரைப் போலப் பத்து மடங்கு உப்புடைய அதன் நீர், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியசிலும் உறைவதில்லை. அங்கே வாழ்பவை ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள். இவை பற்றீரியா அல்ல, வேறொரு குலத்தவை. உப்பளப் பாத்திகளில் நீர் வற்றும்போது தோன்றும் செந்நிறத்திற்குக் காரணமானவையும் இவற்றின் உறவினரே. ஆழ்ந்த ஏரியில் அவை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஆறு தலைமுறையே பெருகுகின்றன என்று கணிப்பர். எனினும், வெவ்வேறு பேரினத்தைச் சேர்ந்த அவற்றின் டி.என்.ஏயில் 35,000 எழுத்துவரை நீளமான பகுதிகள் ஏறத்தாழப் பிசகின்றி ஒத்திருப்பதை 2013 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் கண்டனர். கொடுக்கல் வாங்கலன்றி அத்தகைய ஒப்புமை வாராது. சைபீரியாவின் உறைமண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கிடந்த பற்றீரியாக்களிலும், இரசத்தின் நஞ்சைத் தாங்க உதவுவதும் இடம்விட்டு இடம் தாவ வல்லதுமான பரம்பரைப் பகுதிகளை உருசிய ஆய்வாளர் கண்டுள்ளனர். எனவே குளிர் இக்கைமாற்றைத் தாமதிக்கச் செய்யும், நிறுத்தாது.

மருந்தெதிர்ப்பு மனிதன் மருந்து செய்த பின்னரே தோன்றியது என்று எண்ணுவதும் பிழை. கனடாவின் யூக்கோன் பிரதேசத்தில் 30,000 ஆண்டு பழைமையான உறைமண்ணை ஆராய்ந்தவர்கள், பெனிசிலின் வகைக்கும் தெத்திராசைக்கிளின் வகைக்கும் எதிரான பரம்பரை அலகுகள் அதில் இருப்பதை 2011 ஆம் ஆண்டில் அறிவித்தனர். இதில் வியப்பில்லை. பெனிசிலினைத் தந்தது ஒரு பூஞ்சணம். காசநோய்க்கு 1943 இற் கண்ட ஸ்திரெப்தோமைசினைத் தந்தது மண்ணில் வாழும் ஒரு பற்றீரியா. நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று வெல்லச் செய்த படைக்கலங்களையே மனிதன் எடுத்து மருந்தாக்கினான். வாள் இருந்த காலத்திலேயே கேடயமும் இருந்தது.

அவ்வாறாயின், சுவால்பார்ட்டிற் கண்ட எதிர்ப்பு அலகுகளும் பழையவையே என்று அமைதி கொள்ளலாமா? பல அவ்வாறே இருத்தல் கூடும். புதுடில்லியின் பெயர்கொண்ட அலகோ அத்தகையதன்று. அதன் வரலாறு அண்மைக்காலத்தது, தமிழகத்தோடும் தொடர்புடையது.

புதுடில்லியில் வைத்தியசாலையில் இருந்து சுவீடனுக்குத் திரும்பிய நோயாளி ஒருவரிடம் 2008 ஆம் ஆண்டில் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியா ஒன்று காணப்பட்டது. அதன் வித்தையைக் கொண்ட அலகு 2009 இல் விவரிக்கப்பட்டு, என்.டி.எம்.-1 எனப் பெயர் பெற்றது. அது உண்டாக்கும் நொதியம் நாகத்தின் துணைகொண்டு பெனிசிலின் குடும்பத்தை மட்டுமன்றி, வேறு மருந்து பலியாத வேளையில் வைத்தியர் நாடுகின்ற காபபீனெம் வகையையும் சிதைத்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதலாசிரியராக அமைந்த ஆய்வு 2010 ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, இவ்வலகுடைய பற்றீரியா மாதிரிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரித்தானியாவில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற இடங்களில் 73 எனக் கணக்கிடப்பட்டன. தலைநகரின் பெயரை நோய்க்காரணி ஒன்றுக்குச் சூட்டியதை இந்திய அரசு கண்டித்தது. பெயரைப் பற்றிய வாதம் எவ்வாறாயினும், கேட்டைப் பற்றிய கவலையைத் தமிழகத்து மருத்துவர்கள் ஒளிக்கவில்லை. 2012 இல் சென்னையிற் கூடிய இந்திய மருத்துவச் சங்கங்கள் பலவற்றைச் சேர்ந்தோர், மருந்தெதிர்ப்பைத் தடுப்பதற்கான சென்னைப் பிரகடனத்தை வகுத்தனர்.

2011 ஆம் ஆண்டில் மற்றொரு செய்தி வந்தது. புதுடில்லித் தெருக்களில் தேங்கிய 171 கழிவுநீர் மாதிரிகளுள் 51 இலும், குழாய்நீர் மாதிரிகள் 50 இல் இரண்டிலும் என்.டி.எம்.-1 அலகு இருந்தது. வாந்திபேதியை உண்டாக்கும் பற்றீரியாவும் அதனை ஏந்தியிருந்தது. வைத்தியசாலைக்குள் அடங்கிய பிரச்சினை என்று கருதப்பட்டது தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. இத்தனி ஏடு பற்றீரியாவிலிருந்து பற்றீரியாவுக்கு மாறுவது 30 பாகை வெப்பத்தில் அதிகமாயிருந்ததையும் அவ்வாய்வு காட்டிற்று. யாழ்ப்பாணத்தின் சராசரி வெப்பநிலைக்கு அது மிக அண்மையதென்பதை நேயர்கள் கருத்திற்கொள்ளல் நன்று.

தண்ணீரில் இறங்கியது பனிநிலத்தை அடைந்த வழி யாது? கொங்ஸ்பியோர்டன் மண்ணில் எதிர்ப்பு அலகுகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கவில்லை. எச்சத்தினாலும் கழிவினாலும் பொசுபரசு என்னும் சத்து மிகுந்த இடங்களில் அவை மிகுந்திருந்தன. பறவைகளும் விலங்குகளும் அங்கு வந்துபோகும் மனிதரும் தம் குடலில் ஏந்திச் சென்றவையே அம்மண்ணில் விழுந்து நிலைத்திருக்க வேண்டுமென ஆய்வாளர் கருதுகின்றனர். வந்த பற்றீரியா குளிரில் மடிந்துபோகலாம். ஆனால் மடிவதன்முன் தன் ஏட்டை உள்ளூர்ப் பற்றீரியாவிடம் கொடுத்துவிட்டால், ஏடு அங்கேயே குடிகொண்டுவிடும்.

பறவைகளின் பயணத்தைப் பற்றிச் சொல்லத் தீவக மக்களுக்கு வேறொருவர் வேண்டியதில்லை. மாரிகாலத்தில் ஊர்காவற்றுறையின் பரவைக் கடலிலும் மண்டைதீவின் சதுப்பிலும் வந்திறங்கும் விருந்தினரை அவர்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். அவ்விருந்தினருட் சிலர் எத்துணைத் தூரம் செல்கின்றனர் என்பதற்குச் சான்றும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரில் பிடித்து, செய்மதி வழியே இடங்காட்டும் கருவியைப் பொருத்தி விடுத்த ஹியூக்ளின் கடற்காகங்கள், 2021 ஆம் ஆண்டில் உருசியாவின் ஆட்டிக் கரைவரை பறந்து சென்றன. இப்பறவைகள் மருந்தெதிர்ப்பைச் சுமந்து சென்றன என்று எவரும் நிறுவவில்லை. அவ்வாறு சொல்லுதல் பழியாகும். ஆயினும் பாக்குநீரிணையின் கரைக்கும் பனிநிலத்துக்கும் இடையே ஒரு பாதை உண்டென்பதை அவை காட்டிவிட்டன. பறவை குற்றவாளியன்று. மனிதன் கழித்ததையே அது மிதிக்கின்றது. மனிதன் தேக்கிவைத்த நீரையே அது குடிக்கின்றது.

ஆதலால் இந்த ஆய்வின் படிப்பினை பறவையை விரட்டுவதன்று, தண்ணீரைப் பேணுவது. தீவகத்திற்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். சுண்ணாம்புக் கல்லாலான தீவுகளில் ஆறில்லை. மாரிமழை கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கின்றது. நெடுந்தீவின் பூவல்களிலும் ஏனைய தீவுகளின் நன்னீர்க் கிணறுகளிலும் ஊறுவது அந்நீரே. மழையை விரைந்து உள்ளே விடும் அவ்வெடிப்புகள் மலக்குழியின் கசிவையும் மாட்டுப்பட்டியின் கழிவையும் விரைந்தே உள்ளே விடும். மணல்நிலம் வடிகட்டுவதுபோல் வெடித்த கல் வடிகட்டுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் மலவழிப் பற்றீரியா இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. எங்கே மலமும் நீரும் கலக்கின்றனவோ, அங்கே குடற் பற்றீரியாவும் மண் பற்றீரியாவும் சந்திக்கின்றன. எங்கே அவை சந்திக்கின்றனவோ, அங்கே ஏடு கைமாற இடமுண்டு.

நெடுந்தீவில் மீன்முள் குத்திய ஒருவரின் புண் சீழ்பிடித்துக் காய்ச்சலாகின்றது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் வைத்தியசாலையிற் கொடுக்கும் முதல் மருந்து பலிக்குமானால் சில நாளில் அவர் வலையோடு கடலுக்குப் போவார். அம்மருந்தைப் பற்றீரியா எதிர்க்குமானால், அவரைப் படகேற்றிக் குறிகட்டுவானுக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் போதனா வைத்தியசாலைக்கும் கொண்டு செல்ல வேண்டும். கடல் மட்டும் ஏறத்தாழ ஒரு மணிநேரம். காற்று எழுந்தால் அதுவும் இயலாது. நகரில் வாழ்பவனுக்கு முதல் மருந்து பிழைத்தால் இரண்டாவது மருந்து அடுத்த தெருவில் இருக்கும். தீவில் வாழ்பவனுக்கு இரண்டாவது மருந்து கடலுக்கு அப்பால் இருக்கின்றது. முதல் மருந்தின் வலிமையைக் காப்பது தீவாருக்கே மிகவும் இன்றியமையாதது.

2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்தெதிர்ப்பை நேர்க்காரணமாகக் கொண்டு இறந்தனர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. இதனை முன்கூட்டியே எச்சரித்தவர் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் அவர்களே. 1945 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற வேளையில் அவர் ஆற்றிய உரையில், குறைந்த அளவில் மருந்தை உட்கொள்பவர் பற்றீரியாவைக் கொல்லாது அதற்கு எதிர்ப்பைப் பழக்குகின்றனர் என்று உலகத்துக்கு உணர்த்தினார்.

மருந்து எதிர்ப்பைப் படைப்பதில்லை. எதிர்ப்பில்லாதவற்றை அழித்து, எதிர்ப்புள்ளவற்றுக்கு இடம் விடுகின்றது. நெற்பயிரை அழித்துக் கோரைக்கு வயலை விட்டதுபோல் அது முடியும். ஆகவே வைரசினால் வரும் தடிமனுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்தை வாங்கி விழுங்குவது பயனற்றது மட்டுமன்று, தீங்குமாகும். ஒருவருக்கு வைத்தியர் எழுதிய மருந்தில் மீந்ததை மற்றொருவருக்குக் கொடுப்பதும், வைத்தியர் சொன்ன நாளுக்கு முன் தாமாகவே நிறுத்துவதும் அத்தகையனவே. கோழிக்கும் மாட்டுக்கும் நோயின்றி மருந்து ஊட்டுவதும் அதே பிழை. மலக்குழி கிணற்றுக்கு எட்ட இருத்தல் வேண்டும். கிணற்றுக்குக் கட்டு வேண்டும். குடிநீர் கொதிக்கவைத்ததாக வேண்டும். நயினாதீவுத் திருவிழாக் காலத்தைப்போலப் பல்லாயிரவர் ஒரு சிறு தீவிற் கூடும் நாள்களில் மலசலகூடமும் நன்னீரும் செம்மையாக அமைவது பெருந்தொண்டு.

இவை யாவும் பாட்டிமார் அறிந்த சுத்தத்தின் விதிகளே, புதியவை அல்ல. புதிதாக அறிந்தது ஒன்றுண்டு. ஒரு கிணற்றடியில் நேரும் கவனக்குறைவு அக்கிணற்றடியோடு நிற்பதில்லை. பற்றீரியாவின் கைமாற்றுக்கு வட்டியில்லை, எல்லையுமில்லை; டில்லியின் பெயர்கொண்ட அலகு 79 ஆம் பாகை வட அகலக்கோட்டின் உறைமண்ணிற் கிடக்கின்றது. கேடு அவ்வளவு தூரம் செல்லுமாயின், அதனைத் தடுக்கும் முயற்சிக்கும் மிகச் சிறிய இடம் என்று ஒன்றில்லை. நெடுந்தீவின் ஒரு பூவலைத் தூய்மையாக வைத்திருப்பவர் தம் குடும்பத்தைக் காக்கின்றார்; தம்மை அறியாமலே உலகத்தின் மருந்துப் பெட்டியையும் காக்கின்றார்.